குயில்ட் பேட்டர்ன்: எதை இலவசமாக எடுக்கலாம், எதைக் காசு கொடுத்து வாங்கலாம்

காரைக்குடியில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ரவிக்கையும் சுடிதாரும்தான் பெரிய வேலை. அதோடு, வெட்டும்போது விழும் துண்டுத் துணிகளையும் பழைய கண்டாங்கிச் சேலைகளையும் ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட் போர்வை தைக்கவும் கற்றுத் தருகிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான். "அக்கா, பேட்டர்ன் எங்கே கிடைக்கும்? நெட்டில் பார்த்தால் எல்லாம் டாலரில் விலை போட்டிருக்கே?"

பேட்டர்ன் என்பது துணியை எந்த அளவில் வெட்டி எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு. போர்வையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சதுர டிசைன்தான் பிளாக். நெட்டில் விற்கிற பேட்டர்ன்களில் பல, நூறு வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய பிளாக்குகளை வேறு நிறத்தில் அடுக்கியவை. அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இன்னொரு வகை, ஒருவர் உட்கார்ந்து புதிதாக யோசித்து வரைந்தது. அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும், கொடுப்பதும் நியாயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் செலவு நன்றாகவே குறைந்துவிடும்.

கட்டத்தை எண்ணிப் பாருங்கள்

ஒரு குயில்ட் படம் பிடித்திருந்தால் உடனே விலையைப் பார்க்காதீர்கள். படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மூன்றுக்கு மூன்று கட்டமா, நாலுக்கு நாலா என்று எண்ணுங்கள். நைன் பேட்ச், ஓஹியோ ஸ்டார் எல்லாம் மூன்றுக்கு மூன்று. சாடூத் ஸ்டார் நாலுக்கு நாலு. கட்டத்துக்குள் இருப்பது சதுரமும் முக்கோணமும் மட்டும்தான் என்றால் அந்தப் பேட்டர்ன் வெறும் கணக்கு. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் இருந்தால் நீங்களே வரைந்துவிடலாம்.

பிளாக்கின் பெயர் தெரியவில்லையா? படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சொல்லிவிடும். பெயர் தெரிந்த பிறகு தேடுவது சுலபம். 'ஃப்ரீ குயில்ட் பேட்டர்ன்' என்று பொதுவாகத் தேடினால் விளம்பரமும் செத்துப்போன லிங்கும்தான் வரிசையாக வரும். 'சாடூத் ஸ்டார் 12 இன்ச் பிளாக் டுடோரியல்' என்று பெயரும் அளவும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். முதல் பக்கத்திலேயே வெட்டும் அளவு வந்து நிற்கும்.

கணக்கு எப்படி என்பதற்கு அந்த நட்சத்திரத்தையே இங்கே தந்துவிடுகிறேன். தைத்து முடித்தால் 12 இன்ச். நட்சத்திரத்தின் நடுவுக்கு ஆறரை இன்ச் சதுரம் ஒன்று. நாலு மூலைக்கு மூன்றரை இன்ச் சதுரம் நாலு, பின்னணி நிறத்தில். முனைகளுக்குப் பின்னணி நிறத்தில் ஏழேகால் இன்ச் சதுரம் ஒன்று, நட்சத்திர நிறத்தில் 3⅞ இன்ச் சதுரம் நாலு. 3⅞ என்பது நாலு இன்ச்சுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், குறைய.

பெரிய சதுரத்தின் நல்ல பக்கத்தின் மேல், எதிரெதிர் மூலைகளில் சின்னச் சதுரம் இரண்டைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அது சரிதான். மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டுங்கள். அயர்ன் செய்து விரித்தால் இதய வடிவில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றிலும் பெரிய துணியின் மூலையில் மிச்சமுள்ள சின்னச் சதுரத்தில் ஒன்றைக் கவிழ்த்து, அதேபோலக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் தைத்து, வெட்டுங்கள். மூன்றரைக்கு ஆறரை இன்ச்சில் நாலு துண்டு கிடைக்கும். அவைதான் முனைகள். மூன்று வரிசையாக அடுக்கித் தைத்தால் பிளாக் தயார். இப்படி முப்பது பிளாக், அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு. 60-க்கு 72 இன்ச் போர்வை. இதே அளவுகளை அழகான அட்டை போட்டு விற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குயில்ட் பேட்டர்ன்களில் தையலுக்கு விடும் துணி பெரும்பாலும் கால் இன்ச்தான், அதுவும் அளவிலேயே சேர்ந்திருக்கும். ரவிக்கைக்குப் பின்னால் பிரித்துவிட இடம் வைக்கிற பழக்கத்தில் தாராளமாக விட்டால் பிளாக் சுருங்கிப்போகும்.

இலவசமாக, முறையாகக் கிடைக்கும் இடங்கள்

முதல் இடம், துணி தயாரிக்கும் அமெரிக்க நிறுவனங்கள். ராபர்ட் காஃப்மன், ரைலி பிளேக், ஃப்ரீ ஸ்பிரிட், ஆர்ட் கேலரி ஃபேப்ரிக்ஸ் இவர்களுடைய தளங்களில் இலவசப் பேட்டர்ன்களை பிடிஎஃபாகவே இறக்கிக்கொள்ளலாம். மோடா நிறுவனம் 'மோடா பேக் ஷாப்' என்று தனியாகவே ஒரு தளம் வைத்திருக்கிறது. அவர்கள் இலவசமாகத் தருவதற்குக் காரணம் அவர்கள் துணி விற்க வேண்டும் என்பது. அதனால் பேட்டர்ன் முழுக்க அவர்களுடைய துணியின் பெயரும் எண்ணும்தான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். எது வெளிர், எது நடுத்தரம், எது அடர் நிறம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, நம்மிடம் இருக்கிற அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்புக் கண்டாங்கித் துண்டுகளை அந்த இடத்தில் பொருத்துங்கள்.

படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம் என்றால் வீடியோ. அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தின் ஹாமில்டன் என்ற சிறு ஊரில் 2008-இல் தொடங்கிய மிசோரி ஸ்டார் குயில்ட் கம்பெனியின் யூடியூப் சேனலில் ஏராளமான பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம் அதிகம் தெரியாத பெண்களும் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள். வெட்டும் அளவு வரும் இடத்தில் நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டர்ன்கள் வேண்டுமென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் குயில்ட் இண்டெக்ஸ். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் இந்தத் தளத்தில் பல்லாயிரக்கணக்கான குயில்ட்களின் படமும் விவரமும் இருக்கின்றன. வெட்டும் அளவு தர மாட்டார்கள், படம்தான். ஆனால் கட்டம் எண்ணப் பழகியவர்களுக்கு அந்த ஒரு தளமே போதும். கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற பத்திரிகை 1928 முதல் 1961 வரை தொடர்ந்து பிளாக் பேட்டர்ன்களை அச்சிட்டது. அந்தப் பத்திரிகையின் பெயரைச் சேர்த்துத் தேடினாலும் நிறைய வரும்.

புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் மரீ வெப்ஸ்டர் 1915-இல் எழுதிய குயில்ட் புத்தகம் முழுதாக, இலவசமாக இருக்கிறது. அதில் இன்றைய மாதிரி அளவுப் பட்டியல் இருக்காது, படங்களுக்காகப் பாருங்கள். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கணக்கு ஒன்று தொடங்கினால் ஸ்கேன் செய்த பல கைவேலைப் புத்தகங்களை ஒரு மணி நேரத்துக்கு இரவல் எடுத்துப் படிக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் அதே ஆர்க்கைவின் வேபேக் மெஷின் இன்னொரு விதத்தில் உதவும். 'இலவசப் பேட்டர்ன்' என்று லிங்க் இருக்கும், தட்டினால் பக்கம் வராது. அந்த முகவரியை வேபேக்கில் ஒட்டிப் பாருங்கள், பழைய பக்கம் அப்படியே திறக்க வாய்ப்பு உண்டு.

பின்டரெஸ்ட்டில் ஆசைக்குப் படம் பார்க்கலாம், பேட்டர்ன் தேடினால் பொழுதுதான் போகும். டெலிகிராம் குழுக்களில் விலைக்கு விற்கிற பேட்டர்னைத் திருட்டு பிடிஎஃபாகச் சுற்றவிடுகிறார்கள். என் வகுப்பில் அதை யாரும் எடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. நம் கைவேலைக்கு ஒருவர் கூலி தராமல் போனால் எப்படி இருக்கும்?

இன்னொன்று, 'குயில்ட் அலாங்'. ஒரு டிசைனர் வாரம் ஒரு பிளாக்காக வெளியிடுவார், எல்லோரும் சேர்ந்து தைப்பார்கள். நடக்கும் வரை இலவசமாக இருப்பதைப் பலர் முடிந்ததும் விலைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் வெளியான அன்றே இறக்கி வைத்துவிடுங்கள், தைப்பது எப்போது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

நெட்டே வேண்டாம் என்றாலும் நம் ஊரில் வழி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டுக்குப் போனால் தரையைப் பாருங்கள். கொடியும் பூவுமாக வளைந்து போகும் கற்களை விட்டுவிட்டு, நேர்க்கோட்டு டிசைன் உள்ள கல்லாகத் தேடி, போனை நேர் மேலே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் சதுரம் கோணலாகும். படத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து நாலாகவோ ஆறாகவோ பிரித்தால் கட்டம் தெரிந்துவிடும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுத் தரையில் இருந்த கறுப்பு வெள்ளைச் சாய்சதுரத்தை இப்படித்தான் வரைந்து தைக்கிறோம், நன்றாகவே வருகிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டியது

வளைவுத் தையல், காகிதத்தின் மேல் வைத்துத் தைக்கும் ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங், பறவை, பூ, வீடு மாதிரியான உருவங்கள் இவற்றையெல்லாம் கட்டம் எண்ணி வரைந்துவிட முடியாது. இங்கே நீங்கள் கொடுக்கும் காசு வேறொருவரின் நாள்கணக்கான உழைப்புக்கு. கைவேலைக்காரர்கள் விற்கும் எட்ஸி என்ற தளத்தில் சில டாலரிலிருந்து கிடைக்கும். பெயர் பெற்ற டிசைனர்கள் பத்துப் பன்னிரண்டு டாலர் வைப்பார்கள், நம் காசில் ஆயிரத்தைத் தொடும்.

அம்மாவின் கண்டாங்கிச் சேலைகளைக் கொண்டுவந்து, பேத்திக்கு மயில் போட்ட போர்வை கேட்ட ஒரு ஆச்சி, பேட்டர்னுக்கே ஆயிரம் ரூபாய் என்றதும் திகைத்துப்போனார். "ஏன் ஆத்தா, வெறும் காயிதத்துக்கா இம்புட்டு?" என்றார். "அங்கேயும் ஒரு பொம்பளை உட்கார்ந்து ஒவ்வொரு இறகுக்கும் கணக்குப் போட்டிருக்கா ஆச்சி" என்றேன். கொஞ்ச நேரம் போனில் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, "அப்ப வாங்கு" என்றார்.

வாங்குமுன் நன்றாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பிடிஎஃபை இறக்கியபின் திருப்பித் தருவது கஷ்டம். தைத்து முடித்தால் வரும் அளவு, எவ்வளவு துணி, எத்தனை பக்கம், யாருக்கு ஏற்றது என்பதெல்லாம் விவரத்தில் எழுதியிருக்கிறதா? பேட்டர்ன் பெயரை இன்ஸ்டாகிராமில் தேடினால் வேறு யாராவது தைத்த படம் வருகிறதா? இந்த இரண்டாவது கேள்வி இப்போது ரொம்ப முக்கியம். ஏஐ வரைந்த படத்தை அட்டையில் போட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு முக்கோணம் பக்கத்துத் துண்டுக்குள் கரைந்துபோயிருக்கும். தையல் கோடு பாதியில் நின்றுவிடும். இடது பக்கம் ஏழு பிளாக் இருந்தால் வலது பக்கம் ஆறரை இருக்கும். துணியை நேர்க்கோட்டில் வெட்டித் தைப்பவர்களுக்கு அது தைக்கவே முடியாத படம் என்பது தெரிந்துவிடும். படுக்கையில் விரித்த படம், பின்பக்கப் படம், யாராவது கையில் பிடித்திருக்கும் படம், இதில் ஒன்றாவது இருந்தால்தான் வாங்குங்கள்.

காகித அச்சுப் பிரதியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள், தபால் செலவு பேட்டர்ன் விலையைத் தாண்டிவிடும். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே சமயத்தில் பல டிசைனர்கள் விலையைக் குறைப்பார்கள். பிடித்ததை எட்ஸியில் இதயக்குறி போட்டு வைத்து அதுவரை காத்திருக்கலாம். டிசைனரின் மின்னஞ்சல் செய்தி மடலில் சேர்ந்தால் ஒரு சின்னப் பேட்டர்னை இலவசமாகத் தருபவர்களும் உண்டு.

பணம் கட்டும் இடத்தில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஜிபே, யுபிஐ பெரும்பாலும் எடுக்காது. டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும், புதுக் கார்டில் அது மூடியே வரும். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துக்கொள்ளும். அதனால் உச்சவரம்பைத் தேவையான தொகைக்கு மட்டும் வைத்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலர் விலைக்கு மேல் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கலாம்.

அச்செடுக்கும்போது

டெம்ப்ளேட், அதாவது துணிமேல் வைத்து வெட்டும் காகித அச்சு, உள்ள பேட்டர்னைத் தப்பான அளவில் அச்செடுத்தால் எல்லாமே வீண். அமெரிக்கப் பேட்டர்ன்கள் லெட்டர் அளவுத் தாளுக்குப் போட்டவை, 8½-க்கு 11 இன்ச். ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஏ4. தாள் அகலம் கொஞ்சம் குறைவு என்பதால் கம்ப்யூட்டர் தானாகவே படத்தைச் சுருக்கி 'ஃபிட்' என்று போட்டுவிடும். கடைக்காரத் தம்பியிடம் "ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்" என்று சொல்லி, முதலில் ஒரே ஒரு பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டர்னில் ஒரு ஓரமாக '1 இன்ச்' என்று ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அங்கேயே நின்று ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருந்தால்தான் மீதிப் பக்கம்.

இப்படிச் சுருங்குவது மூன்று சதவீதம்தானே என்று விட்டால், 12 இன்ச் பிளாக் ஏறக்குறைய 11⅝ ஆகிவிடும். எட்டு பிளாக் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று இன்ச் காணாமல் போகும். ஸ்கேலில் அளந்து வெட்டிச் செய்த பிளாக்கோடு அது சேரவே சேராது.

கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பிடிஎஃபை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டோவாக அனுப்பினால் அளவு போய்விடும்.

நம் துணிக்கு மாற்றிக்கொள்வது

யார்டு என்பது நம் கெஜம்தான், 36 இன்ச். மீட்டர் 39 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. பேட்டர்ன்காரர்கள் துணி அகலத்தை 40, 42 இன்ச் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 36 பன்னா, அதாவது 36 இன்ச் அகலப் பாப்ளின் வாங்கினால் அவர்கள் சொன்ன அளவு பற்றாது. மேலே சொன்ன நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை இன்ச் நடுச் சதுரம் முப்பது வேண்டும். 45 இன்ச் அகலத் துணியில் வரிசைக்கு ஆறு வரும், ஐந்து வரிசை, முப்பத்திரண்டரை இன்ச். ஒரு மீட்டரில் முடிந்துவிடும். 36-இல் வரிசைக்கு ஐந்துதான், ஆறு வரிசை, சரியாக 39 இன்ச். கடையில் கோணலாகக் கிழித்துவிட்டால் ஒரு சதுரம் குறைந்துவிடும், ஒன்றேகால் மீட்டராக வாங்குங்கள்.

பேட்டர்னில் சில பெயர்கள் வரும், எல்லாம் முன்கூட்டியே வெட்டி விற்கும் துணிகள். ஃபேட் குவார்ட்டர் என்றால் 18-க்கு 22 இன்ச் துண்டு. சார்ம் பேக் என்றால் 5 இன்ச் சதுரங்கள், லேயர் கேக் 10 இன்ச் சதுரங்கள், ஜெல்லி ரோல் இரண்டரை இன்ச் அகலப் பட்டைகள். இவற்றை வாங்கத் தேவையில்லை. வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்து, இந்த அளவுகளில் வெட்டித் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். ஜெல்லி ரோல் பட்டை 42 இன்ச் நீளம் இருக்க வேண்டுமே என்றால், 21 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட வெட்டி இரண்டிரண்டாக ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கண்டாங்கியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சேலை, அதை வெட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். கட்டத்தை வைத்தே வெட்டிவிடலாம் என்று தோன்றும். கைத்தறியில் கட்டம் இழைக்கு இழை ஒன்றுபோல இருக்காது, ஸ்கேல் வைத்தே வெட்டுங்கள். அரக்கும் கறுப்பும் சாயம் விடலாம். வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்குமுன் தனியாக வெந்நீரில் ஊறவைத்து அலசி, ஈரத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் வைக்கும் பஞ்சும் பேட்டர்ன் சொல்கிற அளவுக்கு நம் வெயிலுக்குத் தேவைப்படாது. பழைய நூல் வேட்டியை ஒரு மடிப்பு வைத்தாலே போதும், பேட்டர்ன் அளவு எதுவும் மாறாது.

வகுப்பில் பலர் தைத்து விற்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலவசமோ விலைக்கோ, பிடிஎஃபின் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அனுமதி விவரம் இருக்கும். அந்தப் பிடிஎஃபை இன்னொருவருக்குப் பிரதி எடுத்துத் தரக் கூடாது, அது வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவராக இருந்தாலும். தைத்த போர்வையை விற்பதைப் பற்றி ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். பலர் வீட்டிலிருந்து தைப்பவர்கள் சில எண்ணிக்கை விற்க அனுமதிப்பார்கள், டிசைனர் பெயரைப் போடச் சொல்வார்கள். எழுதியிருக்காவிட்டால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நைன் பேட்ச், லாக் கேபின், ஓஹியோ ஸ்டார், நான் மேலே தந்த சாடூத் ஸ்டார் மாதிரிப் பழைய பிளாக்குகளுக்கு இந்தக் கேள்வியே இல்லை. எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம், விற்கலாம்.